மூடாக்கும் கோலமும்

புரட்டாசி, வியாழன் இரவு

குப்பையாகத் தெரியும் ஒன்று குப்பையில்லை என்று தெருவில் உள்ளவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? எனக்குத் தெரியவில்லை.

தெருக்கோடிக் காலிமனையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து தோட்டம் போட்டிருக்கிறோம். கட்டட இடிபாடு கொட்டி இறுகிப்போன மண். அதன்மேல் காய்ந்த வேப்பிலையையும் நிலக்கோட்டைப் பூச்சந்தையில் கழித்துப்போட்ட மல்லிகையையும் மண்ணை மூடிக் காக்கும் மூடாக்காகக் கனமாகப் பரப்பியிருந்தோம். மண் தேறும் என்று நான் முழுதாக நம்பவில்லை. போன வாரம்தான் அதனடியில் முதல் மண்புழுவைப் பார்த்தேன்.

இன்று மாலை போனால் பாத்திகள் மொட்டையாகக் கிடக்கின்றன. மனைக்கு எதிர்வீட்டுப் பாண்டியம்மாள் அக்கா விளக்குமாற்றோடு நிற்கிறார். தோட்டத்துக்குத் தினமும் தண்ணீர் விடுபவர் அவர்தான். இலையெல்லாம் சுவரோரம் குவியலாக, கொளுத்தத் தயாராக இருந்தது.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. இம்புட்டுக் குப்பை கெடந்தா போறவ வாரவ என்னையத்தானே பேசுவா?"

"அது மண்ணுக்குப் போர்வைக்கா. வெயில் பட்டா புழு செத்துரும்."

"புழுவுக்குப் போர்வையா! நல்லாப் படிச்சீங்க, டீச்சர்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். கொளுத்தவில்லை. குவியலை அப்படியே விட்டுவிட்டு நானும் வீடு திரும்பினேன். அவர் கோபித்துக்கொண்டால் தண்ணீர் நின்றுபோகும், தோட்டமும்தான்.

வெள்ளி

காலையில் போனேன். இலைகள் பாத்திக்குத் திரும்பியிருந்தன. நடக்கும் வழியை மட்டும் கூட்டி, சாணம் தெளித்து, தோட்டத்து வாசலில் பெரிய கோலம் போட்டிருந்தது.

"இனி எவ குப்பைங்குறான்னு பாப்போம்," என்றார் அக்கா, கையில் கோலமாவுக் கிண்ணத்தோடு.

இலையை விலக்கித் தொட்டேன். ஈரமாக இருந்தது. புழுவைத் தேடவில்லை. இருக்கும்.