அடுப்பை விட்டுப் பெட்டியை எடுத்தவனுக்கு

கொழுந்தனுக்கு அண்ணி எழுதுவது.

நலமா என்று கேட்க எனக்கு மனமில்லை. உன் அண்ணன் பக்கத்தில் இருந்தால் கேட்கச் சொல்லியிருப்பார், அதனால் கேட்டுவிட்டேன். அவருக்கு வலது கை இன்னும் எழவில்லை. பேச்சு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. திரும்பியதும் முதலில் உன்னைத்தான் விசாரித்தார். 

அவர் ஆஸ்பத்திரியில் வாயும் கையும் இழுத்துக் கிடந்தபோது நீ பட்டறையைத் திறந்தாய். கத்திக்குப் பதம் ஏற்றும் மின்சார அடுப்பிலிருந்து கன்ட்ரோலர் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்த் தனிக்கடை போட்டாய். சூட்டைப் பிடித்து நிறுத்தும் பெட்டி கையில் இருந்தால் அண்ணன் எதற்கு என்று நினைத்திருப்பாய். சின்னவன், பிழைத்துப் போகட்டும் என்றார் அவர். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்றேன் நான்.

பட்டறையை மூடிவிட்டு அழுவேன் என்றா நினைத்தாய்? புதுக் கன்ட்ரோலர் வாங்கப் போனேன். கடைக்காரர் விலை குறைந்த ஒன்றை என் தலையில் கட்டப் பார்த்தார். சூடு குறைந்தால் கரண்டைப் போடும், ஏறினால் அணைக்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். சூடு மேலும் கீழும் ஊஞ்சலாடும், நான் ரொட்டி சுடவா வாங்குகிறேன் என்று கேட்டேன். குறித்த சூட்டை நெருங்கும்போதே கரண்டைத் தானாகக் குறைத்துக்கொள்ளும் பி.ஐ.டி. ரகத்தைக் கேட்டேன். எதுக்கும் வீட்டுக்காரரக் கேட்டுட்டு வாங்கம்மா என்றார். இப்போதைக்கு வீட்டுக்காரரும் நான்தான் என்று சொல்லிவிட்டு அதையே வாங்கி வந்தேன்.

முதல் தடவை எண்ணூறு டிகிரி வைத்தால் எண்ணூற்று நாற்பதுக்கு எகிறியது. அதுக்கு நம்ம அடுப்ப இன்னும் தெரியாது என்று கட்டிலில் இருந்தபடி குழறினார் உன் அண்ணன். பெட்டியை அடுப்புக்குப் பழக்கும் டியூனை அவசரத்தில் காலி அடுப்பில், குறைந்த சூட்டில் செய்திருந்தேன். மறுபடி உள்ளே இரும்புத் துண்டுகளை வைத்து, கதவைச் சாத்தி, கத்திக்கு வேண்டிய சூட்டிலேயே ஆட்டோ டியூன் போட்டேன். ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, நம் கனத்த செங்கல் எவ்வளவு மெதுவாகச் சூடேறும் என்று அது தானே படித்துக்கொண்டது. இப்போது எண்ணூறு என்றால் எண்ணூறுதான்.

அன்றைக்குத்தான் நான் பல நாள் கழித்துச் சிரித்தேன். நீ கொண்டுபோன பெட்டி படித்து வைத்திருப்பது நம் அடுப்பை. உன் அடுப்புக்குச் சுவர் மெல்லியது, சூடேற்றும் கம்பிச் சுருள் பெரியது என்று கேள்விப்பட்டேன். அது மளமளவென்று சூடேறும். பழைய பெட்டியோ மெதுவான அடுப்பு என்று நினைத்துக் கரண்டை வாரி இறைக்கும். சூடு எண்ணூறைத் தாண்டி எகிறி, திரும்ப எண்ணூறில் வந்து நிற்பதற்குள் இரும்பு கெட்டிருக்கும். பெட்டியில் அண்ணன் வைத்த எண்களைத் தொடக்கூடாது என்று நீ பயபக்தியோடு விட்டிருப்பாய். திருடியும் அந்த மரியாதை மட்டும் போகவில்லை உனக்கு. உன் கத்திகள் படபடவென்று உடையட்டும், வாங்கியவர்கள் உன் வாசலில் நின்று ஏசட்டும் என்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

முந்தாநாள் கறிக்கடைக்காரர் வந்தார். எலும்பில் பட்டு இரண்டாகப் போன கத்தியை மேசையில் போட்டார். தெறித்த சில்லு அவர் கண்ணுக்குக் கீழே கிழித்திருந்தது. உன்னைத் திட்டப்போகிறார் என்று ஆசையாகப் பார்த்தேன். உங்க வீட்டுக்காரர் கத்தி இப்படிப் பண்ணும்னு நினைக்கலம்மா என்றார். அதில் உன் அண்ணனின் முத்திரை இருந்தது. முத்திரை அச்சும் உன்னோடு போயிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

உடைந்த இடம் சர்க்கரைபோல் பருபருவென்று இருந்தது, சூடு மிஞ்சிக் கெட்ட இரும்பு அப்படித்தான் உடையும். அண்ணன் இடது கையால் தடவிப் பார்த்து, இது நான் செய்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அன்று சாப்பிடவும் இல்லை.

அதனால்தான் எழுதுகிறேன், உன்மேல் இரக்கப்பட்டு அல்ல. விற்ற கத்திகளைத் திரும்ப வாங்கு. முத்திரை அச்சை உடனே அனுப்பு. உன் அடுப்பில் இரும்பை வைத்து, எண்ணூறில் ஆட்டோ டியூன் போடு. முடியும்வரை எதையும் தொடாதே. பிறகு ஒரு கத்தியை நீயே உடைத்துப் பார். உடைந்த இடம் மாவுபோல் நைசாக இருந்தால் உன் பெயரையே முத்திரையாக அடித்து விற்றுக்கொள்.

உன் வாடிக்கையாளர்களை ஒருவர் விடாமல் என் பக்கம் இழுப்பேன். அதில் மாற்றமில்லை. ஆனால் உடைகிற கத்தியை ஜெயித்து எனக்கு என்ன பெருமை? உன் நல்ல கத்தியை என் நல்ல கத்தி தோற்கடிக்க வேண்டும். அதுவரை ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு.

இப்படிக்கு,
அண்ணி