மாடிக்கு எதிரே, முக்காடில்லாமல்

28-4-85

கடையில் இன்று வியாபாரம் கம்மி. செங்கத்துப் பக்கமிருந்து ஒரு கல்யாண கோஷ்டி வந்து, அலமாரியில் இருந்த பட்டுப் புடவையெல்லாம் பிரித்துப் போட வைத்துவிட்டு, ஒன்றும் எடுக்காமல் போனார்கள். மடித்து வைத்தே கை ஓய்ந்துவிட்டது.

போளூரிலிருந்து சம்மதம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை பேர் காசி, மின்சார ஆபீசில் வேலை. பெண் பார்க்க வந்தபோது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினது அவர் அக்கா தங்கம்மாள்தான். பொண்ணு லட்சணமா கீது, முடிதான் கொஞ்சம் பரட்டையா கீதுன்னு வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னாள். அம்மா விடவில்லை. சுருட்டை முடி சோறு போடும், கோரை முடி குடியைக் கெடுக்கும்னு சொல்வாங்களேன்னு சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தாள்.

ஆனாலும் ராத்திரி கண்ணாடி முன்னால் நின்றேன். பரட்டையா?

5-5-85

திரௌபதியைப் பார்த்துவிட்டு வந்தேன். பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். மெட்ராசில் சித்தி வீட்டில் இருந்து அழகுக் கலை படித்துவிட்டு, சின்னக்கடைத் தெருவில் ஒரு மாடியைப் பிடித்துப் பார்லர் வைத்திருக்கிறாள். நம்ம ஊருக்கே இது புதுசு. படியேறிப் போகவே பெண்களுக்குக் கூச்சம், கூட்டம் இல்லை.

தங்கம்மாள் சொன்னதைச் சொன்னேன். ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினாள். வெளிநாட்டுச் சரக்காம். வெள்ளைக் களிம்பு. தடவி வாரி விட்டால் எப்பேர்ப்பட்ட சுருட்டையும் பட்டு நூல் மாதிரி ஆகிவிடுமாம். உன் தலையைப் பாத்துட்டே நாலு பேர் மாடி ஏறுவாங்கடி, உங்கிட்ட காசு வாங்க மாட்டேன்னாள். எத்தனை பேருக்குப் போட்டிருக்கே என்று கேட்டேன். மெட்ராசில் தினமும் போடுவாங்கன்னாள். அது பதில் இல்லையே என்று இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

8-5-85

அம்மாவுக்குச் சொல்லாமல் நாளைக்குப் போகிறேன்.

16-5-85

இன்றைக்குத்தான் குனிந்து எழுத முடிகிறது. எழுதி வைக்கணும். பிற்பாடு யாராவது மாத்திச் சொன்னால் எனக்காவது தெரியணும்.

காலையில் எண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டு, அழுக்குப் போகச் சுரண்டித் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனேன். சுத்தமாகப் போகணும் என்று நினைத்தேன். அப்படித் தேய்த்த தலையில் அந்தக் களிம்பு படவே கூடாது என்று அப்புறம் டாக்டரம்மா சொன்னார்கள். திரௌபதி அதைக் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. தான் மட்டும் கையுறை மாட்டிக்கொண்டாள்.

முதலில் குளிர்ச்சியாக இருந்தது. அப்புறம் குறுகுறுப்பு. அப்புறம் எரிச்சல். எரியுதுடின்னு சொன்னேன். "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம், கொஞ்சம் பொறு" என்றாள். அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் மேலே வந்தார்கள். திரௌபதி அவர்களிடம் பேசப் போய்விட்டாள். எரியுது, எரியுதுன்னு இரண்டு தடவை கூப்பிட்டேன். வந்தவர்கள் பயந்துவிடுவார்கள் என்று என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

நான் எழுந்து ஓடினபோதுதான் குடத்தைச் சாய்த்தாள். அடியில் ஒரு சொம்புத் தண்ணீர். குழாயில் தண்ணி வந்து எத்தனை நாள் ஆச்சுன்னு இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சேதானே களிம்பைத் தொட்டாள்?

படியில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. எதிரில் ரசியா பேகத்தின் வளையல் கடை. அவங்க ஒன்றும் கேட்கவில்லை. என் தலையைப் பிடித்துக் குனிய வைத்து, கடையில் இருந்த குடிதண்ணீர்ப் பானை முழுவதையும் ஊற்றினார்கள். தண்ணீரோடு முடி வந்தது. நார் மாதிரி, கொத்துக் கொத்தாக, சாக்கடையில் போனது.

25-5-85

ஆஸ்பத்திரி. நெற்றிக்கு மேலே ஒரு இடமும் பின்னந்தலையில் ஒரு இடமும் வேர் வரைக்கும் வெந்துவிட்டதாம். அங்கே இனிமேல் முளைக்காது. மிச்ச முடியையும் எடுத்துவிட்டு மருந்து போட்டால்தான் புண் ஆறுமாம்.

அம்மா வரும் வழியிலேயே யோசித்துவிட்டாள். கோயிலில் மொட்டை போட்டுவிடலாம், வேண்டுதல் என்றால் இந்த ஊரில் ஏன் எதுக்குன்னு ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், ஆவணியைக் கொஞ்சம் தள்ளிக் கேட்கலாம் என்றாள். சரி என்றேன்.

2-6-85

போளூர் சம்பந்தம் முறிந்தது.

என் தலை விஷயம் காதில் விழுந்ததும், தங்கம்மாள் நேராகத் திரௌபதியிடமே போய் விசாரித்திருக்கிறாள். கூடப் படிச்சவளாச்சே, உண்மையைச் சொல்வான்னு. திரௌபதி சொல்லிக்கிறா, எனக்குச் சின்ன வயசிலேர்ந்தே புழுவெட்டாம். மறைச்சு மறைச்சு வாரிக்கினு இருந்தேனாம். அது முத்திப் போய் முடி கொட்டிச்சாம். தொத்திக்கப் போவுதுன்னு தன்னோட சீப்பைக்கூட எனக்குத் தர மாட்டாளாம். அடிப்பாவி, ஒரே சீப்புல தலை வாரிக்கினோமே நாம!

களிம்பு தப்பாப் போச்சு, பயந்துட்டேன்னு சொல்லியிருந்தா நான் மன்னிச்சிருப்பேனா? தெரியல. இப்ப மன்னிக்க மாட்டேன். அது மட்டும் தெரியும்.

3-6-85

மொட்டை போட மாட்டேன்னு அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கு நன்றாகப் புரிகிறது. மொட்டை போட்டால் இந்த ஊரில் நானும் ஆயிரம் மொட்டையில் ஒரு மொட்டை. என் தலையை சாமி எடுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சாமி எடுக்கவில்லை. திரௌபதி எடுத்தாள். பாதி கருகி, பாதி நின்று, புண்ணோடு இருக்கிற இந்தத் தலையை எல்லோரும் பார்க்கட்டும்.

19-6-85

முதலாளி என்னைக் கவுண்டரிலிருந்து எடுத்து குடோனில் போட்டார். பட்டு எடுக்க வர்றவங்க முகம் சுளிக்கிறாங்கம்மா என்றார். அவர் பேரில் கோபமில்லை. இருந்த கோபம் எல்லாம் ஒரே ஆளுக்குத்தான் போகிறது.

1-8-85

ரசியாக்கா கேட்டார்கள், எங்கூட வந்து கடையைப் பாத்துக்கிறியான்னு. கண் பார்வை கம்மியாகிவிட்டது, வளையல் அளவு தெரியவில்லையாம். அதுதான் காரணமா, இல்லை என் மனசு தெரிந்து கேட்டார்களா? ஒன்று மட்டும் சொன்னேன். முக்காடு போட மாட்டேன் அக்கா, வாசலில்தான் உட்காருவேன். உன் தலை, உன் இஷ்டம் என்றார்கள்.

வாசலில் உட்கார்ந்தால் நேர் எதிரே மாடிப்படி. யார் ஏறினாலும் என்னைப் பார்க்காமல் ஏற முடியாது.

12-8-85

ஆடி வெள்ளி எல்லாம் நல்ல வியாபாரம். வளையல் போட்டுக்கொள்ள வருகிற பெண்கள் கையை நீட்டிக்கொண்டு என் தலையைப் பார்க்கிறார்கள். சிலர் தயங்கித் தயங்கி, வேண்டுதலாம்மா என்கிறார்கள்.

"இல்லீங்க. எதிர் மாடியில பண்ணது."

அவ்வளவுதான் சொல்வேன். திட்டமாட்டேன். அழமாட்டேன். வளையலை உடையாமல் ஏற்றிவிட்டுக் கையைத் திருப்பிக் கொடுப்பேன். அவர்கள் எழுந்து போகும்போது தலையைத் தூக்கி மாடியைப் பார்ப்பார்கள் பாரு — அதுக்காகத்தான் காலையில் எழுந்து வருகிறேன்.

30-8-85

இன்று ஒருத்தி படி ஏறினவள் பாதியில் என்னைப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டாள். நல்லா சாப்பிட்டேன்.

14-9-85

ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறாள். போடு. தெருவுக்குத் திரை போடுவியா?

9-10-85

பின்னந்தலைப் புண் சீழ் பிடித்துவிட்டது. காய்ச்சல். டாக்டரம்மா என்னை வைத்துக்கொண்டே அம்மாவைத் திட்டினார்கள், படிச்ச பொண்ணு முடியை எடுக்க விடாம இருக்காளேன்னு. புண்ணைச் சுற்றி மட்டும் கத்தரிக்க விட்டேன்.

அம்மா வீட்டுக்கு வந்து, விளக்கேற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவ நெருப்பை வெச்சா. நீ ஊதிக்கினு இருக்கே" என்றாள்.

காய்ச்சல் விட்டதும் கடைக்குப் போய்விட்டேன்.

24-11-85

தீபத்துக் கூட்டம். தெருவில் கால் வைக்க இடமில்லை. எந்த ஊரிலிருந்தோ வந்த ஒரு பெரியவர், என்னைப் பார்த்துக்கொண்டே வந்தவர், என் மடியில் ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டுப் போனார். பிச்சைக்காரி என்று நினைத்துவிட்டார். குஷ்டம் என்று நினைத்தாரோ என்னவோ.

எழுந்து கூப்பிடத் தோன்றவில்லை. காசை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். எதிரில் திரௌபதி படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரித்திருந்தால் நல்லா இருந்திருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

28-11-85

கடை சாத்துகிற நேரம் திரௌபதி வந்தாள். கையில் அந்த டப்பா. ரசியாக்கா உள்ளே இருந்தார்கள். ஆறு மாதத்துக்கு அப்புறம் இவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறேன், இளைத்திருக்கிறாள். என் ஸ்டூலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்தாள். இடுப்பு வரைக்கும் முடி.

"எனக்கும் போட்டு வுடு. எவ்ளோ நேரம் வேணும்னாலும் வெச்சிரு. நான் வாய் தொறக்க மாட்டேன். அப்புறம் இங்கேர்ந்து எழுந்து போயிடு."

டப்பாவைத் திறந்தேன். அதே நெடி. பொய் எழுத மாட்டேன் — விரலை உள்ளே விடப் போனேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தாள். அந்தக் குனிதலைப் பார்த்ததும்தான் எனக்கு விஷயம் விளங்கிற்று. இவள் தலையைக் கொடுப்பாள். அதைத் தவிர வேறு எதையும் கொடுக்க மாட்டாள்.

மூடி வைத்தேன். "முடி வேணாம். போளூருக்குப் போ. தங்கம்மாகிட்ட, நான்தான் பண்ணேன், அவளுக்குப் புழுவெட்டு இல்லன்னு சொல்லு. அதே மாதிரி இந்தத் தெருவுலயும் சொல்லு. நாளைக்கே முக்காடு போட்டுக்கிறேன்."

அவிழ்த்த முடியை அள்ளி முடிந்துகொண்டாள். அப்புறம், அதைச் சொன்னா நான் எப்பிடிப் பொழைக்கிறதுன்னு கேட்டாள்.

நான் எப்படிப் பிழைக்கிறேன் என்று அவள் கேட்கவேயில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

19-1-86

பொங்கல் முடிந்து மாடி பூட்டியே இருந்தது. இன்று வண்டி வந்து நாற்காலியையும் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு போனது. எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. போகும்போது என் பக்கம் வந்து, "உனக்குப் புழுவெட்டு இல்லன்னு எனக்குத் தெரியும்" என்றாள். எனக்குத் தெரிந்ததை எனக்கே சொல்லிவிட்டுப் போகிறாள்.

ஜெயித்துவிட்டேன். ஸ்வீட் வாங்கி ரசியாக்காவுக்கும் அம்மாவுக்கும் கொடுத்தேன். எதுக்குன்னு இரண்டு பேரும் கேட்கவில்லை.

23-1-86

மிச்ச முடியை எடுத்தாயிற்று. கோயிலில் இல்லை, வீட்டில். அம்மா ஆளை அழைத்து வந்தாள்.

2-7-86

புண் ஆறிவிட்டது. முடி வளர்ந்திருக்கிறது, அதே சுருட்டை. நெற்றிக்கு மேலேயும் பின்னாலேயும் மட்டும் வழவழவென்று தோல். வாரி மறைத்தால் தெரியாது.

போளூர் காசிக்கு ஆரணியில் கல்யாணம் ஆகிவிட்டதாம். கேட்டபோது ஒன்றும் ஆகவில்லை. திரௌபதி எங்கே இருக்கிறாள் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

26-2-87

வேலூரிலிருந்து கிரிவலத்துக்கு வந்த ஒரு அம்மா, கூடவே பெண். பெண்ணுக்குப் பதினெட்டு இருக்கலாம். முந்தானையைத் தலையோடு இழுத்துப் பிடித்துக்கொண்டே கையை நீட்டினாள். வளையல் ஏற்றும்போது முந்தானை நழுவிற்று. காதோரம் கறுத்து வெந்த தோல். எனக்குக் கேட்கத் தேவையே இல்லை. கேட்டேன். வேலூரில் புதுசா ஒரு பார்லர், முடியை நேராக்குகிறாங்கன்னு போனாளாம். பண்ணினது உங்க ஊர்ப் பொண்ணுதாம்மா, இவளுக்கு ஏற்கெனவே தோல் வியாதி இருந்திருக்கும்னு சொல்லிட்டாள் என்றார் அந்த அம்மா.

என் முடியை ஒதுக்கி நெற்றியைக் காட்டினேன். அந்தப் பெண் தொட்டுப் பார்த்தாள்.

நான் ஜெயித்ததாக எழுதி வைத்திருக்கிறேன். இங்கே இருந்து துரத்தி அங்கே அனுப்பியிருக்கிறேன், அவ்வளவுதான்.

4-3-87, புதன்

காலை முதல் பஸ்ஸில் வேலூர். முன்முடியை இழுத்து ஏற்றி வாரி, நெற்றிக்கு மேல் இருக்கிற இடம் பளிச்சென்று தெரிகிற மாதிரி கொண்டை போட்டுக்கொண்டேன். அந்த அம்மா சொன்ன அடையாளத்தில் இடம் சுலபமாகக் கிடைத்தது. இந்தத் தடவை கீழ் வீடு. எதிரில் ஒரு பூக்காரம்மா. கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கட்டுமா என்று கேட்டேன். கூடையை நகர்த்தி இடம் கொடுத்தார்கள்.

மத்தியானம்வரைக்கும் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் என்னோடு பேசிவிட்டுத் திரும்பிப் போனார்கள். மூன்றாவது ஆள் புருவம் எடுக்கத்தான் வந்தாள், போகட்டும் என்று விட்டேன்.

அப்புறம் திரௌபதி வாசலுக்கு வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். தெருவைக் கடந்து வந்து என் முன்னால் நின்று, "இன்னும் எத்தினி நாளைக்குடி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நீ அந்த டப்பாவத் தொடறத நிறுத்தற வரைக்கும்."

பூக்காரம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். திரௌபதி உள்ளே போய்விட்டாள்.

சாயந்திரம் பஸ் ஏறி வந்தேன். இனிமேல் புதன்கிழமை எனக்கு லீவு வேணும் என்று ரசியாக்காவிடம் கேட்டேன். எடுத்துக்கோ என்றார்கள், வழியில சாப்பிட ஏதாவது கட்டிக்கினு போ என்றார்கள்.