சுங்கை பீசியிலிருந்து காலாங்குக்கு எத்தனை நிமிடம்?

1937 அக்டோபர் 3, ஞாயிறு. பிரிக்பீல்ட்ஸ்.

நோட்டே, என் எழுத்தைப் பொறுத்துக்கொள். முப்பத்தைந்து வருடம் தண்டவாள வேலையில் கடப்பாரை பிடித்த கை. பென்சில் அதற்கு மிகவும் சன்னம். 'ழ' வளைவதற்குள் வியர்த்துவிடுகிறது. அறுபத்திரண்டு வயதில் எழுதக் கற்றவன் வேறு எப்படி எழுதுவான்? கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு நடக்கிறேன். எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்!

இன்று கன்னையாவோடு வாக்குவாதம். ரயிலில் கார்டாக இருந்தவன். ஆகாய விமானம் இங்கிருந்து சிங்கப்பூருக்கு எவ்வளவு நேரத்தில் போகும்? "ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிரும்டா" என்கிறான். நான் கணக்குப் போட்டேன். ரயில் பாதை 246 மைல். விமானம் மணிக்கு 110 மைலாம். பாதி வழியில் கிம்மாஸில் தண்ணீர் பிடிக்க இருபது நிமிடம். தண்ணீர் பிடிக்காமல் எந்த எஞ்சின் அவ்வளவு தூரம் ஓடும்? ஆக, இரண்டு மணி முப்பத்துநாலு நிமிடம்.

தோற்றவன் மீசையை எடுக்க வேண்டும்.

அக்டோபர் 4

இறங்கும் நேரத்தை யார் பார்த்துச் சொல்வது? சிங்கப்பூரில் காலாங் விமான மைதானத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒருத்தியைத்தான் தெரியும். என் மகள் சீதாலெட்சுமி. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையன் ரபேலைக் கட்டிக்கொண்டு போய் மூன்று வருடம். இனி என் வாசலை மிதிக்காதே என்றேன். அவள் மிதிக்கவில்லை.

ஒரு மீசைக்காக அவளுக்கு எழுதலாமா?

அக்டோபர் 5

எழுதிவிட்டேன். நானே! ஒரு பக்கத்துக்கு ஒரு பகல். "வேறு எதுவும் நினைக்காதே. 13ஆம் தேதி புதன் காலை விமானம் எத்தனை மணிக்குத் தரையைத் தொடுகிறது என்று மட்டும் பார்த்து எழுது." விலாசம் கேட்டதும் என் மனைவி வீரம்மா அரிசிப் பானைக்குள் கையை விட்டு ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தாள். எத்தனை நாளாக அங்கே இருந்ததோ.

அக்டோபர் 13, புதன்

சுங்கை பீசி, எங்கள் ஊர் விமான மைதானம். கன்னையாவின் கார்டு கடிகாரத்தில் 9.05. விமானம் தண்டவாள டிராலி போல உருண்டது, உருண்டது— பிறகு சக்கரத்துக்கு அடியில் ஒன்றுமே இல்லை! பாதை இல்லாமல் எப்படி வழி தெரிகிறது? கன்னையா என் முதுகில் தட்டினான். "வாய மூடுடா, ஈ பூந்துரும்."

அக்டோபர் 14

கடிதம் இல்லை.

அக்டோபர் 16

இல்லை. அவ எதுக்குப் போவா? போகலன்னா என் மீசை தப்பிச்சுது. ஆனா— வேணாம். அவ போயிருக்கணும்.

அக்டோபர் 18, திங்கள்

வந்துவிட்டது. நானே படித்தேன்.

"அப்பா, 10.53. எட்டரைக்கே போய் நின்றோம். விமானம் இறங்கியதும் பையன் கை தட்டினான்."

கீழே வேறு கையெழுத்து. "மாமா, மேப்பில் நூல் பிடித்துப் பார்த்தேன். நேராகப் போனால் இருநூறு மைல்கூட இல்லை. ரயில்தான் வளைந்து வளைந்து வருகிறது. விமானம் கிம்மாஸில் நிற்பதும் இல்லை. ரபேல்."

ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிடம்! அந்த வளைவுகளில் எத்தனையை நானே நெம்பிப் போட்டேன். அது எப்படி மறந்தது?

பையனா? வீரம்மாவைப் பார்த்தேன்.

"ஒண்ணரை வயசாவுது" என்றாள். "நீங்க கேட்டீங்களா?"

அக்டோபர் 19

மீசை போயிற்று. கன்னையா பக்கத்திலேயே நின்று பார்த்தான். "இப்பத்தான்டா மனுசன் மாதிரி இருக்க."

வெள்ளிக்கிழமை நானும் வீரம்மாவும் ரயிலில் சிங்கப்பூர் போகிறோம். அவள் இன்றே முறுக்கு சுடுகிறாள். வளைவுகளை எல்லாம் எண்ணிக்கொண்டே போகப் போகிறேன்.

பேரன் முதன்முதலாகப் பார்க்கப்போகும் என் முகம் இதுதான், அவனைப் பற்றிக் கவலை இல்லை. மீசை இல்லாத அப்பனைச் சீதாவுக்கு அடையாளம் தெரியுமா? அதை அடுத்த வாரம் காலாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன்.