உள்ளே பார்த்த செருப்பு

இன்று காலை மழை விட்டதும் கட்டிலுக்கு அடியில் கூட்டினேன். விளக்குமாற்றில் உங்கள் செருப்பு தட்டுப்பட்டது. ஈரக் காற்றில் தோல் வாசனை எழும்பி வந்தது. பக்கத்து வீட்டு ராசம்மா எட்டிப் பார்த்தாள். "போனவங்க செருப்ப வூட்ல வச்சிருக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது? தூக்கிப் போடுக்கா" என்றாள். சரி என்றேன். போடவில்லை. அதே இடத்தில் வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் இரண்டு வகுப்புப் படித்த கை, மெதுவாகத்தான் வருகிறது. இனி உங்களுக்கு என்ன அவசரம்.

மாரியம்மன் முன்னால் எத்தனை முறை சூடம் அணைத்துச் சத்தியம் செய்தீர்கள்! உள்ளங்கை கருத்ததுதான் மிச்சம். கடைசி முறை என் தலைமேல் சத்தியம். அந்த வாரமே கள்ளுக்கடைக்குப் போனீர்கள். பிறகு எனக்குக் காய்ச்சல் கண்டது. மழைக்காலத்தில் எல்லோருக்கும் வருகிற காய்ச்சல்தான். நீங்களோ உங்கள் பொய்ச் சத்தியம்தான் என்னைத் தின்கிறது என்று பயந்தீர்கள். அந்தப் பயத்துக்கும் சேர்த்துக் குடித்தீர்கள்.

மலாய் பேசுகிற செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டியில் ஒரு பெண் எனக்குக் குழாயடிப் பழக்கம். அவளுக்குத் தமிழ் அரைகுறை, எனக்கு மலாய் அரைகுறை. குடியை விட நினைக்கிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள், தன் அண்ணன் அங்கே போய்த்தான் விட்டார் என்று அவள் சொன்னது விளங்கியது. எந்த இடம் என்று விளங்கவில்லை. பலசரக்குக் கடைக்காரரிடம், "குடிக்கிறவங்க எல்லாம் கூடுற எடம் எங்கண்ணே?" என்று கேட்டுவிட்டேன். கடையே சிரித்தது. "கள்ளுக்கடைக்கு வழி கேட்டு வந்த மொதப் பொம்பள நீதான் தங்கச்சி!"

வீட்டில் சொன்னபோது நீங்களும் சிரித்தீர்கள். பிறகு சிரிப்பு நின்றது. "எனக்காகவா போய்க் கேட்ட?" என்றீர்கள்.

கடைசியில் குழாயடிப் பெண்ணின் அண்ணனே வந்து நம்மைக் கூட்டிப்போனார். கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெசராக இருந்து ஓய்வு பெற்றவர்தான் கூட்டத்தை நடத்தினார். அவரும் ஒரு காலத்தில் குடித்துக் கெட்டவர். நீங்கள் வாசலோடு நின்றுவிட்டீர்கள்.

"சூடம் கொளுத்துவாங்க புள்ள. இன்னொரு சத்தியம் என்னால முடியாது."

டிரெசர் காதில் விழுந்துவிட்டது. "உள்ள வாய்யா. இங்க சூடமும் கெடையாது, சத்தியமும் கெடையாது. கோப்பி மட்டுந்தான். அதுவும் நான் போட்டது, குடிச்சா கள்ளு மேலன்னு தோணும்."

செருப்பைக் கழற்றினீர்கள். திருப்பி, தெருவைப் பார்த்து வைத்தீர்கள். "ஓடறதுக்கு வசதியா இருக்கட்டும்" என்று என் காதோடு சொல்லிவிட்டு உள்ளே போனீர்கள்.

பெண்களுக்கு வெளியே ஜம்பு மரத்தடியில் ஒரு பலகை. சனிக்கிழமைதோறும் அதில் உட்கார்ந்து உங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது இருந்தால் நீங்கள் இருக்கிறீர்கள். நடுவில் குடித்துவிட்டுச் சாக்கடையோரம் கிடந்ததும் உண்டு. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை செருப்பு அந்த வாசலுக்கு வந்தது, தெருவைப் பார்த்தபடியே.

சுதந்திரம் வந்த நாளும் ஒரு சனிக்கிழமை. உங்கள் கூட்டாளிகள் கொடி கட்டிய லோரியில் வந்து நின்றார்கள். "நாட்டுக்கே விடுதல! இன்னிக்கி ஒரு கிளாஸ் போடலன்னா வேற என்னிக்கிடா போடுவ?"

"நாட்டுக்கு வந்துருச்சு. எனக்கு இன்னும் வரலடா" என்றீர்கள். அவர்கள் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்தார்கள். நீங்கள் ஏறாமலே லோரி கிளம்பும்வரை நான் அடுப்படியிலேயே நின்றேன். சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். தெருவெல்லாம் கூட்டம். எந்தப் பக்கம் திரும்பினீர்கள் என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் பொறுத்து நானும் நடந்தேன். கள்ளுக்கடை வாசலில் ஒரே கூச்சல். தலையைத் திருப்பாமல் தாண்டினேன். ஜம்பு மரத்தடியில் ஒருத்தியும் இல்லை. ஊரே திடலில் இருந்தது. அறைக் கதவு திறந்திருந்தது. வாசலில் டிரெசர் செருப்புக்குப் பக்கத்தில் உங்கள் செருப்பு. நம் வீட்டுக்குள் நுழையும்போது கழற்றிப் போடுவீர்களே, அதே மாதிரி, உள்ளே பார்த்தபடி கிடந்தது.

நான் கூப்பிடவில்லை. பலகையில் உட்கார்ந்து, தனியாக, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். தூரத்தில் ஊர் விடுதலை விடுதலை என்று மலாயில் "மெர்டேக்கா" என்று கத்திக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நீங்கள் தொடவில்லை. போன தீபாவளிக்கு முன்னால் நெஞ்சடைத்துப் போனபோது, அந்த அறையில் உட்கார்ந்தவர்கள்தான் உங்களைத் தூக்கினார்கள். "சுத்தமாப் போறான்" என்று டிரெசர் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

இப்போதும் சனிக்கிழமை வந்தால் வீட்டில் இருக்க முடிவதில்லை. போய்ப் பலகையில் உட்கார்ந்துகொள்கிறேன். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. போன வாரம் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள், சின்ன வயது. அவள் புருஷன் செருப்பும் தெருவைப் பார்த்துக் கிடந்தது.

"ஓடிருவாராக்கா?"

"ஓடத்தான் அப்படி வச்சிருக்காரு. ஆனா இன்னும் அங்கதான இருக்கு, பாரு."

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். கூட்டம் முடிந்து அவன் வந்தான். அவளும் கூடவே நடந்தாள். ஒவ்வொரு சோடியாகப் போய், வாசல்படி வெறுமையான பிறகும் நான் சற்று உட்கார்ந்திருந்தேன். பழக்கம்.

நாளைக்கு மறுபடி சனிக்கிழமை. ராசம்மா கேட்டால் சரி என்றுதான் சொல்வேன். செருப்பு கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும், உள்ளே பார்த்தபடி.