முகம் வேண்டாம், கையைக் காட்டு

ஜூன் 2, திங்கள்

காலையிலிருந்து தூறல். உடுப்பு எதுவும் காய்வதாக இல்லை. அம்பிட்டியக் குரங்குகள் கூரையில் கூட்டம் போட்டன. என் சொக்ஸில் ஒன்றைக் காணவில்லை. எந்தக் குரங்குக்கு ஒற்றைக் காலோ.

இன்று:
– அம்மாவின் குடைக்குக் கம்பி மாற்ற
– லேபில் சாயம் முடிந்ததைச் சொல்ல
– பின்னேரம் து.

து. என்றால் துஷாந்தி. யாழ்ப்பாணப் பக்கம் மூன்றாம் வருடம் படிக்கிறாள். நான் இங்கே கண்டியில் கடைசி வருடம். ஆய்வுகூட வேலை பழகும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, வேறு பல்கலைக்கழகத்து மூத்த மாணவர் ஒருவரை ஒன்லைனில் துணைக்குப் போடும் திட்டம். என் பங்குக்கு விழுந்தவள் இவள். மாதக்கணக்காகக் கதைக்கிறோம், முகம் பார்த்ததில்லை. கமரா எப்போதும் மூடித்தான் இருக்கும். திரையில் ஒரு பச்சை வட்டம், நடுவில் 'து'. எனக்குச் சிநேகம் அந்த வட்டத்தோடுதான்.

இன்றும் அதே வழக்கு. புரதத்தை நீலச் சாயத்தில் கலந்து அளக்கும் பரிசோதனை. புரதம் கூடக் கூட நீலம் கூடும், வரைபில் புள்ளிகள் ஒரே கோட்டில் ஏறிப் போகவேண்டும். இவளுடைய புள்ளிகள் மழைக்குச் சிதறின கோழிகள். ஒன்று மேலே, ஒன்று கீழே.

"சாயம் பழசா?"

"இல்லை அக்கா."

"நான் சொன்ன மாதிரியே செஞ்சியா?"

"ஓம் அக்கா."

"வெளங்குச்சா?"

"ஓம் அக்கா."

இந்த 'ஓம் அக்கா' மண் குதிரை. நம்பி ஆற்றில் இறங்க முடியாது.

13ஆம் திகதி அவளுடைய மேடத்துக்கு முன்னால் செய்துகாட்ட வேண்டும். கோடு நேராக வந்தால் மேடத்தின் ஆய்வில் இடம். வராவிட்டால் கணினியில் தரவு தட்டப் போடுவார்கள். அவளுக்கு லேப் மேசைதான் வேண்டும். வேறு எதைக் கேட்டாலும் முனகுகிறவள், மேசையைப் பற்றிக் கேட்டால் மட்டும் முழு வசனத்தில் பேசுகிறாள்.

ஜூன் 4, புதன்

மழை. பஸ்ஸில் பக்கத்து அம்மாவின் குடை முழுதும் என் மடியில் வடிந்தது. ஆனால் என் பரிசோதனை சரியாக வந்துவிட்டது! ஜெல் தகட்டில் நான்கு புரதப் பட்டையும் தெளிவு. கென்டீனில் எனக்கு நானே ஒரு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

சந்தோஷம் பின்னேரம் வரைதான். து.விடமிருந்து வொய்ஸ் மெசேஜ். பின்னால் மின்விசிறிச் சத்தம்.

"அக்கா, இண்டைக்கும் கோடு வரேல்லை. சாயம் புதுசு, தண்ணி புதுசு, எல்லாம் புதுசு. பழசு நான் மட்டும்தான். எனக்குக் கை சரியில்லை அக்கா. நான் மேடத்திட்டச் சொல்லிப்போட்டு விடுறன்."

திரும்பத் திரும்பக் கேட்டேன். கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, அந்தப் பச்சை வட்டத்தின்மேல். எண்ணைப் பார்த்து எண்ணைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். எண்ணைச் செய்கிற ஆள் எங்கே?

பதில் போட்டேன்: "சனிக்கெழம வரைக்கும் யாருட்டயும் ஒண்ணும் சொல்லாத. இது அக்காட ஓடர்."

ஓடர் போட நான் யார். ஆனால் 'ஓம் அக்கா' வந்தது.

ஜூன் 7, சனி

வெயில்! உடுப்பெல்லாம் கொடியில். சொக்ஸுக்குக் காவல் அம்மா.

காலையில் து. லேபில் தனியாக. பழகுவதற்கு மேடத்திடம் அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறாள். விடப்போகிறவள் செய்கிற வேலையா இது?

"கமராவப் போடு."

"வேண்டாம் அக்கா. முகமெல்லாம் பரு."

"ஒம் முகத்த யாரு கேட்டா? முகம் வேணாம், கையக் காட்டு."

பிறகு வட்டம் போய்ப் படம் வந்தது. போனை எதிலோ சாய்த்துவைத்திருந்தாள். மேசை, சின்னத் தராசு, ஒரு கிண்ணம் தண்ணீர், வலது கையில் பிப்பெட். பெருவிரலால் அமுக்கித் தண்ணீரை உறிஞ்சி, மெதுவாக விடும் அந்தக் கருவிதான் எங்கள் தொழிலுக்கே அகப்பை. ஒரே அளவை எடுத்து எடுத்துத் தராசில் விடச் சொன்னேன். நிறை ஒன்றாக வரவேண்டும். வரவில்லை. பெருவிரல் நடுங்குகிறது. விட்டுவிட்டு எழும்புகிறது, நுனிக்குள் காற்றுக் குமிழி.

அப்போதுதான் பிப்பெட்டின் நுனிக் குழாய் கழன்று மேசையில் உருண்டது. விளிம்பு தாண்டி விழப்போன நேரம் இடது கை வந்தது. சும்மா வந்து ஏந்திக்கொண்டது. அதே கை போத்தல் மூடியைத் திருகி மூடியது, துணியெடுத்துத் தண்ணீரைத் துடைத்தது. ஒரு நடுக்கமில்லை. வலது கை விருந்தாளி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது.

"நீ இடது கைக்காரியா?"

"…ஓம் அக்கா."

இந்த ஓம் வேறு ஓம்.

மெல்ல மெல்லச் சொன்னாள். சின்னதில் சித்தி அவர்களோடு இருந்தாராம். சாப்பாடு, எழுத்து இரண்டையும் வலக்கைக்கு மாற்றிவிட்டாராம். "தேங்காய் துருவுறது, பூட்டுத் திறக்கிறது எல்லாம் இடக்கைதான் அக்கா. அது சும்மா வேலைதானே. இது படிப்பு. படிப்பெண்டால் சரஸ்வதி. இடக்கையால எப்படித் தொடுறது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பிள்ளை பயத்தில் வலக்கையைப் போடவில்லை, மரியாதையில் போட்டிருக்கிறாள். நானானால் பிப்பெட்டைக் காதில் சொருகிக்கொண்டு ரோல்ஸ் சாப்பிடுகிற ஆள்.

சொன்னேன்: "சரஸ்வதிக்கு நாலு கை. அதுல ரெண்டு இடது. வீணையில சுரத்தப் பிடிக்கிறதே இடது கைதான். மாத்திப் பிடி."

மாற்றிப் பிடித்தாள். முதலில் கூச்சம், திருடுகிறவள் மாதிரி. பிறகு தராசைப் பார்க்கவே மறந்துவிட்டாள். எண்களை நான்தான் எழுதினேன். எல்லாம் பக்கத்துப் பக்கத்தில், கைகோத்துக்கொண்டு. திரைக்கு முன்னால் எழுந்து நின்று கைதட்டினேன். வெட்கமில்லாமல் எழுதிவைக்கிறேன்.

குசினியிலிருந்து அம்மா எல்லாம் கேட்டிருக்கிறார். "அது சரிதான். அதுக்காக நீ சாமித்தட்ட இடது கையால தூக்காத." இரண்டு கட்சிக்கும் ஓட்டுப் போடுகிறவர் எங்கள் அம்மா.

ஜூன் 10, செவ்வாய்

போயா, பௌர்ணமி லீவு. கண்டி டவுன் முழுதும் வெள்ளை உடுப்பு. வீதியோரத்தில் கடலை தானம் கொடுத்தார்கள். அம்மாவும் நானும் ஆளுக்கொன்று. வீட்டுக்கு வரும்போது மழை. புதுக் கம்பி போட்ட குடை மறுபடி மடங்கிவிட்டது.

து. ஹொஸ்டலில் சிரிஞ்சையும் பீட்ரூட் தண்ணீரையும் வைத்துப் பழகுகிறாள். அறைப் பிள்ளையின் தலையணை சிவப்பாகிவிட்டதாம்.

இப்போது வேறு கவலை. லேப் மேசையில் நுனிக் குழாய்ப் பெட்டி வலப்பக்கம். ஒவ்வொரு முறையும் புது நுனியை இடது கையால் எடுக்கக் குறுக்கே போகவேண்டும், சட்டைக் கை எல்லாவற்றிலும் உரசும்.

"பெட்டிய இடது பக்கம் வச்சுக்க."

"மேடம் அடுக்கி வச்சது அக்கா. நான் எப்படி மாத்துறது?"

"நீ சொல்லு, நான் இடது கைன்னு."

"ஐயோ அக்கா."

எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. மேடத்துக்கு முன்னால் கை மறுபடி வலதுக்கு ஓடிவிடுமோ என்றுதான் பயம். வட்டம் பழையபடி பச்சை.

அவளுக்குச் சொல்லாமல் இடது கையால் எழுதிப் பார்த்தேன். என் பெயரே எனக்கு வாசிக்க முடியவில்லை.

ஜூன் 13, வெள்ளி

காலையிலிருந்து வேலை ஓடவில்லை. ஒரே குழாயில் இரண்டு தரம் சாயம் விட்டு முழுதையும் ஊற்றிவிட்டேன். மத்தியானம் சோறு இறங்கவில்லை. போனை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன், பிறகு திறந்தேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது வந்தது. வொய்ஸ், மூச்சு வாங்கிக்கொண்டு:

"அக்கா, கோடு வந்திட்டுது. ஒரு புள்ளி மட்டும் கொஞ்சம் விலகி நிக்குது. இடக்கையாலதான் செய்தனான். கை குறுக்க குறுக்கப் போகுது, மேடம் பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டே இருந்தவ. இப்ப ஏசுவா, இப்ப ஏசுவா எண்டு நினைச்சன். பெட்டியத் தூக்கி எனக்கு இடப்பக்கம் வச்சா. வச்சிட்டு, ம், செய்யும் எண்டா."

பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். பக்கத்தில் நின்ற ஐயா, "பரீட்சையா மகள்?" என்றார். ஆமாம் என்றேன்.

இடம் கிடைத்துவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து மேசை அவளுக்கு. எனக்கு இரண்டாவது ரோல்ஸ்.

ஜூன் 22, ஞாயிறு

வெயிலும் தூறலும் சேர்ந்து. து. லீவுக்கு வருகிறாள். சித்தி இப்போது கண்டிக்குப் பக்கத்தில், குண்டசாலையில்தானாம். அதே சித்தி.

குட்செட் பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பு. யாழ்ப்பாண பஸ்ஸிலிருந்து சனம் சனமாக இறங்குகிறது. எந்த முகமென்று எனக்கு என்ன தெரியும்? பரு உள்ள பிள்ளைகள் நிறையப் பேர். படியில் ஒருத்தி நின்று தண்ணீர்ப் போத்தலைத் திருகி மூடினாள். இடது கை, ஒரே திருகல்.

"துஷா!"

திரும்பினாள். என் தோள் உயரம்கூட இல்லை. இவ்வளவு பயத்தையும் இவ்வளவு பிடிவாதத்தையும் எங்கே வைத்திருக்கிறாளோ. கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

கூட்டிப்போக வந்த சித்தியும் அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டார். து. பையிலிருந்து ஒரு பார்சலை எடுத்தாள், இடது கையால். சித்தியின் கண் அந்தக் கைக்குப் போனது. து.வும் அதைப் பார்த்தாள். கையை மாற்றவில்லை. வலது கையையும் கொண்டுவந்து சேர்த்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

பனங்கட்டி. பாதி உருகியிருந்தது.