ஒரே பஸ்ஸில் வந்த மூன்று சாட்சிகள்

செவ்வாய்க்கிழமை, மாசாய்.

அறிவியல் தத்துவம் கற்பிக்கும் மலர்விழியை இன்று காலை பேட்டி எடுத்தேன். சாட்சிகள் கூடும்போது நம்பிக்கை எவ்வளவு கூட வேண்டும் என்று கணக்கிட அவரிடம் ஒரு சூத்திரம் இருக்கிறது. மக்கள் உண்மையில் எவ்வளவு நம்புகிறார்கள் என்பதைக் கேள்வித்தாள் கொடுத்துச் சோதிக்கிறார். பிறகு இரண்டையும் ஒப்பிடுகிறார்.

எனக்கும் ஒரு தாள் கொடுத்தார். ஒருவரிடம் கேள்விப்பட்டதையே மூன்று பேர் வந்து சொல்கிறார்கள், எத்தனை சாட்சி என்று கேள்வி. மூன்று என்று எழுதினேன்.

"அலமாக்! நீங்களுமா அண்ணே? சூத்திரப்படி அது ஒண்ணுதான் லா," என்று சிரித்தார். "எல்லாரும் இதுலதான் விழறாங்க. ரிப்போர்ட்டராச்சே, தப்பிச்சிடுவீங்கன்னு நெனச்சேன்."

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் முன்பு நான் எழுதிய பாசிர் கூடாங் தொழிற்சாலை ரசாயனக் கசிவுச் செய்தி நினைவுக்கு வந்தது. வால்வை மூடாமல் போனவர் முருகையா என்று மூன்று தொழிலாளர்கள் சொன்னார்கள். தனித்தனியாகத்தான் கேட்டேன். 'மூவர் உறுதிப்படுத்தினர்' என்று எழுதினேன். அந்த வாரமே முருகையாவுக்கு வேலை போனது.

அந்த மூவரில் ஒருவரான செல்வத்தைப் போனில் அழைத்து, நேரில் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"நான் எங்கண்ணே பார்த்தேன்? பேக்டரி பஸ்ல வர்றப்போ டிரைவர் சொன்னாரு. நாங்க மூணு பேரும் ஒரே பஸ்தானே."

டிரைவருக்கு யார் சொன்னது என்று அவருக்குத் தெரியவில்லை.

முருகையாவை அழைக்க நினைத்தேன். அவருடைய எண் என்னிடம் இல்லை. மூன்று பேர் சொன்ன பிறகு அவரிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்று அன்று விட்டுவிட்டேன்.