முதல் இடத்தில் பலாமடு

ஐப்பசி 6, வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். கடையில் கரண்ட் இல்லை. ஜெராக்ஸ் எடுக்க வந்த நாலு பேரைத் திருப்பி அனுப்பினேன். சும்மா உட்கார்ந்து போனில் என் வெப்சைட்டைப் பார்த்தால், கல்வராயன் மலை பற்றி இத்தனை நாள் எழுதியதற்கு வராத கூட்டம் நேற்று ஒரே நாளில். எல்லோரும் ஒரே பக்கத்துக்கு. பலாமடு, ஓடைத் தண்ணீர் தேங்கும் இடம்.

மலையில் குளிக்க இடம் என்று தேடினால் முதலில் வருவது என் பக்கம்! எத்தனை பேர் போன் செய்து, முதல் இடத்துக்குக் கொண்டுவருகிறோம் மேடம், எங்களிடம் விடுங்கள் என்று நச்சரித்தார்கள். யாரையும் வைக்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் மலையைப் பற்றிக் கேட்பதை அவர்கள் கேட்ட மாதிரியே நோட்டில் குறித்து, அதையே தலைப்பாக வைத்தேன். என் வித்தை அவ்வளவுதான்.

பெருமை தாங்காமல் வீட்டுக்காரரிடம் காட்டினேன். முழுக்கப் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார். "நீ அங்க போனது எந்த மாசம்?"

பங்குனி. முழங்கால் தண்ணீர்.

தலைப்பு: குழந்தைகளோடு பயமில்லாமல் குளிக்க எங்கே போகலாம்? மாதத்தை எங்கேயுமே போடவில்லை. இப்போது ஐப்பசி, மழைக்காலம்.

ஐப்பசி 7, வெள்ளி

மழை விட்டது. மலைப் பக்கம் மட்டும் கருப்பு.

கரியாலூரில் டீக்கடை வைத்திருக்கும் அலமேலு அக்காவுக்கு போன். எனக்குப் பலாமடுவைக் காட்டியதே அவர்தான். நேற்று மட்டும் ஆறு வண்டிக்காரர்கள் வழி கேட்டார்களாம்.

"ஐப்பசில அங்க மாடு கூட எறங்காது. மேல பேஞ்சிதுன்னா, இங்க வெயில் அடிச்சிக்கினு இருக்கும்போதே தண்ணி வந்துடும். இத்தப் போயி சொல்லணுமா? உனக்குத் தெரியும்னு இருந்துட்டேன்."

மலையில் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்லத் தோன்றாது. கள்ளக்குறிச்சிக்காரி எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பத்து மணிக்குப் பக்கத்தைத் திருத்தினேன். மேலே சிவப்பில், மழைக்காலத்தில் இறங்காதீர்கள். தேடிப் பார்த்தால் வரும் பட்டியலில் பழைய தலைப்பே நிற்கிறது, கீழே 'முழங்கால் அளவு தண்ணீர்'. திரும்பத் திரும்பத் தேடினேன். மாறவில்லை. மாற நாளாகுமாம்.

செய்ய வேண்டியவை:
- பக்கத்தையே அழிப்பதா? அழித்தால் எச்சரிக்கையும் போய்விடும். வேண்டாம்.
- வனத்துறைக்குச் சொல்ல. (சொல்லிவிட்டேன். ஆள் அனுப்புகிறார்களாம்.)
- கேஸ் புக் செய்ய.
- பழைய பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸப்பில் சுற்றவிட்டிருக்கிறார்கள். அதற்கு என்ன செய்ய?

ஐப்பசி 8, சனி

பக்கத்தின் அடியில் ஒருவர் வியாழனன்றே, நான் திருத்துவதற்கு முன்பே, எழுதியிருக்கிறார்; இப்போதுதான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், இரண்டு குழந்தைகள், ரொம்ப தேங்க்ஸ் மேடம். பெயர் மட்டும்தான். நம்பர் இல்லை. வராதீர்கள் என்று மூன்று தடவை பதில் போட்டேன். பார்த்தாரா, தெரியாது.

மோர்க்குழம்பு திரிந்துபோனது. எனக்குச் சோறு இறங்கவில்லை. பார்க்காத அந்த இரண்டு குழந்தைகள்தான் கண்ணுக்குள். பயமாக இருக்கிறது, வேறென்ன எழுத.

வீட்டுக்காரர் சொன்னார். "எத்தினி பேருக்கு பதில் போட்டுக்கினு இருப்ப? நேரா போய் வழில நின்னுடு."

ஐப்பசி 9, ஞாயிறு

முதல் பஸ். கரியாலூரில் நல்ல வெயில். அட்டையில் 'இறங்காதீர்கள்' என்று பெரிதாக எழுதி, பலாமடுவுக்கு இறங்கும் பாதையில் நின்றேன். அலமேலு அக்காவின் தம்பியும் கூட வந்தார்.

பத்து மணிக்கு ஒரு வேன். முன் சீட்டில் இரண்டு குழந்தைகள், கழுத்தில் டவல். அவர்கள்தான். போக வேண்டாம் என்றேன். அப்பா போனை நீட்டினார், வாட்ஸப்பில் வந்த படம். "பயமில்லன்னு போட்டுக்குது பாருங்க. எழுதினவங்களுக்குத் தெரியாதது உங்களுக்கு இன்னா தெரியும்?"

எழுதினது நான்தாங்க என்றேன்.

நம்பவில்லை. என் போனில் பக்கத்தைத் திறந்து, சிவப்பு எழுத்தையும் என் படத்தையும் காட்டினேன். அவர் படித்தார். குழந்தைகளைப் பார்த்தார். அந்தம்மாதான் என்னைக் கேட்டார். "நாங்க நேத்தே வந்திருந்தா?"

வண்டி திரும்ப இடம் விட்டு ஓரமாக நகர்ந்தேன்.

வேன் திரும்பியது. கொஞ்ச தூரம் போய் நின்று, டிரைவர் தலையை நீட்டினார். "அந்தாண்ட பலாமரத்துக்குப் பின்னால ரெண்டு பைக்கு நிக்குதுங்க."

ஓடிப் பார்த்தேன். ஆமாம். கண்ணாடியில் ஹெல்மெட்கள் தொங்குகின்றன. என்ஜின் சூடில்லை. எனக்கு முன்னாலேயே வந்திருக்கிறார்கள். கத்தினேன். பதில் இல்லை. அக்காவின் தம்பி கயிறோடு இறங்கியிருக்கிறார், என்னை வரக்கூடாது என்று சொல்லிவிட்டு. வனத்துறை ஆட்கள் வந்துகொண்டிருப்பதாக போனில் சொன்னார்கள். கை சும்மா இருக்க முடியாமல் இதை எழுதுகிறேன்.

11.40. தண்ணீர்ச் சத்தம், காலையில் வந்தபோது இருந்ததைவிட ஜாஸ்தி.

இங்கே இன்னும் வெயில்தான்.